தொள்ளாயிரம் கிராமுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம்

வெர்ஷாட்ஸ், டிசம்பர் 9

மதிப்பிற்குரிய சம்பந்தி ஸ்ரெத்தென் அவர்களுக்கு,

நீங்கள் எனக்கு அநியாயம் செய்துவிட்டீர்கள். இங்கு அனைவரும் நலம். அங்கும் நலமாகவே இருங்கள். இனி எழுதப்போவதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும்.

இணைய ஏலத்தில் காப்பிக்கொட்டை அரைக்கும் பித்தளைக் கைமிஷினை நூறு தினாருக்கு விற்றுவிட்டு, அதை அனுப்ப ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாங்கியிருக்கிறீர்கள். அங்கே சொந்தப் பெயர் போடும் வழக்கமில்லை. நீங்கள் 'பழையமீசை', நான் 'நேர்மை1948'. பணம் கட்டுமுன் பண்பாகத்தான் கேட்டேன்: "ஐயா, தொள்ளாயிரம் கிராம் சாமானுக்கு இவ்வளவா? ஹெலிகாப்டர்ல அனுப்புறீங்களா?"

"பெரியவரே, பேக்கிங்னா சும்மாவா? அட்டை, டேப்பு, என் இடுப்பு வலி, எல்லாத்துக்கும் காசு."

"உங்க இடுப்ப நான் ஏலத்துல எடுக்கல."

"அப்ப மிஷினையும் எடுக்காதீங்க!"

எடுத்தேன். ஏனென்றால் பத்தொன்பதாம் தேதி உங்கள் வீட்டுப் புனித நிக்கோலா நாள் விருந்துக்கு வெறுங்கையோடு வரக் கூடாதென்று, உங்களுக்குக் கொடுக்கத்தான் அதை வாங்கினேன். நேற்றுப் பெட்டி வந்தது. அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயர்; அப்போதுதான் 'பழையமீசை' யாரென்று தெரிந்தது. கூரியர் சீட்டில் அறுநூற்று நாற்பது. கூரியர்காரன் வாங்கியதோடு அட்டைக்கும் டேப்புக்கும் ஒரு நூறு சேர்த்தால் நியாயம். விலையைக் குறைத்துப் போட்டு ஆளை இழுத்து, டெலிவரியில் பிடுங்குவது நியாயமில்லை. பெட்டியைப் பன்றி நிறுக்கும் தராசில் வைத்தேன். ஆறு கிலோ இருநூறு! கட்டணத்துக்குச் சாக்காக உள்ளே செங்கல் வைத்திருக்கிறீர்கள். சாட்சியம் கெட்டுவிடக் கூடாதென்று நான் அதைத் திறக்கவில்லை. "தொறந்துதான் பாருங்களேன், கடிக்கவா போகுது?" என்கிறாள் என் மனைவி ஸ்தமென்கா. உங்கள் மருமகளாகிவிட்ட என் மகள் யசெங்கா தொலைபேசியில் அழுகிறாள்: "அப்பா, நீங்க விருந்துக்கு வரலைன்னா இந்த வீட்டுல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? ஒரு காப்பி மிஷினுக்காக ரெண்டு குடும்பமும் பிரியணுமா?" காப்பி மிஷினுக்காக இல்லை, நியாயத்துக்காக என்றேன். போனை வைத்துவிட்டாள்.

ஆகவே: ஆயிரத்து நூற்று அறுபது தினாரை நீங்கள் திருப்பித் தர வேண்டும். செங்கற்களை உங்கள் செலவிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். பெட்டியைத் திறக்கும்போது மாப்பிள்ளை சாட்சியாக நிற்க வேண்டும். அதுவரை விருந்துக்கு ஸ்தமென்கா மட்டும் வருவாள். நான் வீட்டில் இருப்பேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், அவர் மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

இப்படிக்கு,
விதோசவ்

பின்குறிப்பு: நான் தபால்தலை வாங்கிவருவதற்குள் ஸ்தமென்கா பெட்டியைக் கத்தியால் கிழித்துவிட்டாள். உள்ளே செங்கல் இல்லை. மிஷினைச் சுற்றி உங்கள் தோட்டத்து அக்ரூட், ஒரு புட்டி பிளம் சாராயம், உங்கள் சீட்டு: "சம்பந்தி, முகவரி எழுதும்போதுதான் நீங்கன்னு தெரிஞ்சுது. காசத் திருப்பிக் குடுத்தா நான் தப்பு பண்ணின மாதிரி ஆயிடும். அதனால மிச்சக் காசுக்குச் சரக்கு வச்சிருக்கேன். கட்டணம் நியாயமானதுதான்." சந்தை விலை போட்டுப் பார்த்தேன். பத்து தினார் கூடுதலாகவே வருகிறது. ஆனாலும் கட்டணம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. எழுதியதைக் கிழிக்கும் பழக்கமும் எனக்கில்லை. மேலே உள்ளதையும் படியுங்கள். இனி நடக்க வேண்டியது: யசெங்கா அழுகையை நிறுத்த வேண்டும். ஸ்தமென்கா அக்ரூட்டைத் தின்பதை நிறுத்தி, மீதியில் கேக் செய்ய வேண்டும். நீங்கள் எனக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். மிஷினை நானே பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவருவேன். டெலிவரி இலவசம். பேக்கிங் கூலி உண்டு.