கூழ் குடித்த பின் எஞ்சின் பார்த்த கதை

சிவமயம்

கொக்குவில் மேற்கு,
14.3.1974, வியாழக்கிழமை.

என் அன்பு மைத்துனர் சிவசுப்பிரமணியம் அவர்கட்கு,

சந்நிதி முருகன் கிருபையால் நானும் உமது அக்கா நாகேஸ்வரியும் பசுவும் கன்றும் இங்கு சுகமே. கொழும்பில் நீரும் உமது பாரியாரும் தடிமன் இருமல் இன்றி இருக்க வேண்டுமென்று அக்கா நாள் தவறாமல் விளக்கு வைக்கிறாள். நிற்க. நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர, நேற்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் நிற்கவோ இருக்கவோ முடியவில்லை. ஆகையால் நீர் இருந்துகொண்டு வாசியும்.

ஐந்து வருடமாகச் சைக்கிளில் திரியும் ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரருக்கு இப்போது கார் எதற்கு என்று கேட்டிருந்தீர். கார் எனக்கல்ல, முருகனுக்கு. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு வயிற்றில் ஒப்பரேசன் நடந்தபோது உமது அக்கா ஆஸ்பத்திரி வெளிவாங்கில் இருந்துகொண்டு, "இவர் எழும்பி நடந்தால் சந்நிதிக்குச் சொந்தக் காரிலை கூட்டிக்கொண்டு வாறன்" என்று நேர்ந்துவிட்டாள். நான் எழும்பி நடந்தேன். கார் தான் இன்னும் வரவில்லை. வாடகைக் காரில் போவோம் என்றால், "சொந்தக் கார் எண்டெல்லே கும்பிட்டனான்" என்று கண் கலங்குகிறாள். எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் முருகன் ஞாபகப்படுத்துகிறார் என்று பயப்படுகிறாள். இந்தக் காலத்தில் புதுக் கார் கப்பலில் வருவதுமில்லை. அதனால்தான் புத்தூர் ஏரம்புவின் 1952ஆம் ஆண்டு ஒஸ்ரின் காரைப் பார்க்கப் புறப்பட்டேன்.

நீர் அனுப்பிய அறிவுரைக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் நுரை இருந்தால் எண்ணெய்க்குள் தண்ணீர் போகிறது, காஸ்கெற் போய்விட்டது என்று அர்த்தம். றேடியேற்றர் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் காரை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். எல்லாம் மனப்பாடம். கடைசியில் சிவப்பு மையில், "அத்தான், பார்த்து முடியும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்க வேண்டாம்" என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தீர். அதை நான் பகிடி என்று நினைத்துவிட்டேன். தம்பி, அந்தச் சிவப்பு மைதான் முழுக் கடிதமும்.

நேற்றுப் பின்னேரம் அக்காவும் நானும் அயல்வீட்டு லொறிச் சாரதி கந்தப்புவை நிபுணராக வைத்துக்கொண்டு, அவனுடைய லொறியிலேயே போனோம். கார் முருங்கைக்குக் கீழ் குளித்து, திருநீறு பூசி, சந்தனப் பொட்டோடு நின்றது. நான் நேரே பொனெற்றடிக்குத்தான் போனேன், சத்தியமாக. ஏரம்பு குறுக்கே வந்து, "கார் எங்கை ஐயா ஓடப் போகுது? முதல் கூழைக் குடியுங்கோ" என்றார். கார் எங்கேயும் ஓடப் போவதில்லை என்ற உண்மையை அந்த மனுசன் வாசலிலேயே சொல்லிவிட்டார், எனக்குத்தான் விளங்கவில்லை. அவருடைய மனைவி இரத்தினம்மா பனங்கிழங்கு ஒடியல் மாவில் காய்ச்சிய கூழைப் பற்றி என்னவென்று எழுதுவேன்! நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் போட்டு, பனையோலையில் பிளா கோலித் தந்தார்கள். நான் மூன்று பிளா, அக்கா இரண்டு. கந்தப்பு ஆறு பிளா குடித்தான், அதற்குப் பிறகு நிபுணர் முருங்கையில் சாய்ந்துவிட்டார்.

இனித்தான் பொனெற் திறந்தது. கம்பியைத் துடைக்கப் பழைய துணி கொண்டுபோக மறந்துவிட்டேன், ஆகவே நீர் தீபாவளிக்கு அனுப்பிய பட்டுக்கரைச் சால்வையால் துடைத்தேன், மன்னிக்கவும். மறுபடி விட்டு எடுத்தால் எண்ணெய் கோட்டுக்கு மேலே நாலு விரல் நிற்கிறது! "என்ன ஏரம்பு, கூடவெல்லே கிடக்கு?" என்றேன். அவர் பெருமையோடு, "இந்தக் காருக்கு எண்ணெய் விடத் தேவையில்லை ஐயா. மாதா மாதம் தானாக் கூடும்" என்றார். மூடியைக் கழற்றினேன். அடியில் பால்தேத்தண்ணி நுரை, சீனி மட்டும்தான் இல்லை. "இது பழுதான எஞ்சின்" என்று சொல்ல வாயெடுத்தேன். உமது அக்கா என் முதுகில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். திரும்பிப் பார்த்தால் இரத்தினம்மா நாலாவது பிளாவோடு நிற்கிறா. கை ஈரம் காயமுதல் அந்த வீட்டுப் பொருளில் குறை சொல்ல எந்த மனுசனுக்கு நாக்கு வரும்? "நல்லது" என்றேன். கூழைச் சொன்னேனா எண்ணெயைச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. ஏரம்பு இரண்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

பிறகு றேடியேற்றர். நாங்கள் வரமுதல் அவர் எஞ்சினை அரை மணித்தியாலம் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார், வந்தவர்களுக்கு முன்னால் ஸ்ராட் எடுக்காமல் விட்டால் மரியாதையில்லையாம். சூட்டில் மூடி திறக்கக் கூடாது என்று நீர் எழுதியதும் ஞாபகம் வந்தது, ஆனால் மூடி திறந்து நான் வெங்காயப் பாத்திக்குள் விழுந்த பிறகுதான் வந்தது. சால்வையால் பிடித்ததால் கை தப்பியது. மேலே போனது தண்ணீர் என்றால் ஆவியாகியிருக்கும். இது போய், யோசித்து, தொப்புத் தொப்பென்று விழுந்தது. மண்ணிறம், களிப்பதம். கந்தப்பு தன் சட்டையில் விழுந்ததை விரலால் வழித்து, நான் தடுக்கமுதல் நாக்கில் வைத்து, அன்று பின்னேரத்தின் ஒரே நிபுணத்துவ வார்த்தையைச் சொன்னான்: "உப்புக் காணாது."

"என்ரை கூழிலையோ?" என்று இரத்தினம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"இல்லைத் தங்கச்சி, காரின்ரையிலை" என்றான் கந்தப்பு.

ஏரம்பு கொஞ்சமும் கூசவில்லை. "ஒழுக்குக்கு மஞ்சள்தூள் போடச் சொன்னவை ஐயா. வீட்டிலை மஞ்சள் இல்லை, ஒடியல் மாதான் கிடந்தது. ரண்டு சுண்டு போட்டன். என்ன பிடி பிடிச்சிட்டுது பாருங்கோ!" உண்மைதான், வெளியே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஒழுகுவதற்கு அது தண்ணீராக இருக்க வேண்டுமே. நான் வெங்காயப் பாத்தியில் இருந்தபடியே "நல்லது" என்றேன்.

கடைசியாக எஞ்சினை ஓடவிட்டுப் புகை பார்த்தோம். புகையைப் பார்த்தோம், வேறொன்றையும் பார்க்க முடியவில்லை. முருங்கையும் கந்தப்புவும் ஏரம்புவின் வீடும் மறைந்துபோயின. புகைக்குள்ளேயிருந்து, "சீற் நல்ல மெத்தெண்டு கிடக்கு, இஞ்சாருங்கோ" என்று உமது அக்காவின் குரல் கேட்டது. எப்போது ஏறினாளோ தெரியாது, முன் சீற்றில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சந்நிதிக்குப் போய்க்கொண்டிருப்பவள் போல நேரே பார்த்தபடி இருந்தாள். "எப்பிடிப் புகை?" என்று ஏரம்பு கேட்டார். "நல்ல வெள்ளை" என்றேன்.

தம்பி, வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீர் சொன்ன நாலு குற்றமும் அந்தக் காரில் குறைவின்றி இருக்கின்றன. கார் வேண்டாம், இது முடிந்த முடிவு. அக்காவிடமும் சொல்லிவிட்டேன். "நீங்கள் சொன்னால் சரி" என்று அடுப்பை ஊதிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் அடுப்பில் நெருப்பு இருக்கவில்லை. என்றாலும் முப்பத்து நாலு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் புகைக்கும் கூழுக்கும் மயங்கலாமா? என் சாதகத்தில் வாகன யோகம் இல்லையென்று ஏரம்புவுக்கு நாளைக்கே பணிவாக ஒரு கடிதம் எழுதிவிடுவேன். நீர் நிம்மதியாக நித்திரை கொள்ளும்.

உமக்கும் பாரியாருக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் குறைவின்றிக் கிடைக்க முருகன் அருள் புரிவாராக. உமது அறிவுக்குத் தலைவணங்கும்,

அத்தான்
க. கனகசபாபதி

பி.கு. (வெள்ளிக்கிழமை): உறையில் உள்ள தபால் முத்திரையைப் பார்த்தீரா? கொக்குவில் என்று இராது. தொண்டைமானாறு, சந்நிதி கோயிலடி.

காலையில் இக்கடிதத்தோடு சைக்கிளை எடுக்க, படலையடியில் அந்த ஒஸ்ரின் புகைத்துக்கொண்டு நிற்கிறது. ஏரம்பு ஒரு வாழைக்குலையோடு இறங்கி, "நீங்கள் எல்லாத்தையும் நல்லது நல்லதெண்டு சொன்ன படியாலை, அச்சுவேலியாலை கேட்டு வந்த ஆளைத் திருப்பி அனுப்பிப்போட்டன் ஐயா" என்றார். நான் சாதகக் கதையைத் தொடங்கமுதல், உமது அக்கா கற்பூரம் கொளுத்திவிட்டு முன் சீற்றில் ஏறிவிட்டாள். எண்ணெய், நுரை, புகை எல்லாவற்றையும் கண்ணாடிக்கு வெளியே நின்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "உங்களையும் திறந்து பாத்துப்போட்டு, உள்ளுக்கை கன பழுது எண்டுதான் டொக்குத்தர் சொன்னவர். நான் வேண்டாமெண்டு விட்டிட்டு வந்தனானே?"

நான் பின் சீற்றில் ஏறினேன்.

கந்தப்பு ஓட்டினான். கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி என்று ஊருக்கொரு கிணற்றடியில் நின்று தண்ணீர் ஊற்றி, கடைசிக் கால் மைல் ஏரம்புவும் நானும் தள்ளினோம். அக்கா இறங்கவில்லை. தள்ளிக்கொண்டு வந்தது நேர்த்திக்குச் செல்லுமோ என்று அவளுக்கு ஒரே பயம். பூசை செய்கிறவரிடம் கேட்டாள். "கார் ஆரின்ரை, பிள்ளை?" என்றார். "எங்கடை" என்றாள். "பிறகென்ன, கற்பூரத்தைத் தாருங்கோ" என்றுவிட்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். இதைச் சூடான பொனெற்றின் மேல் வைத்து எழுதுகிறேன், கையெழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும்.

அடுத்த லீவில் வரும்போது ஒஸ்ரினுக்கு ஒரு காஸ்கெற் வாங்கி வாரும். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை. இரத்தினம்மாவிடம் கூழின் பக்குவம் கேட்டு வைத்திருக்கிறோம். நீர் நாலு பிளா குடித்து முடித்த பிறகுதான் பொனெற் திறக்கப்படும்.