அஞ்சு நிமிஷம் அண்ணனும் என் இடது காதும்

அடுத்தவர் நேரத்தைத் திருடுவது சிங்கப்பூரில் குற்றமாக இருந்திருந்தால், எங்கள் அஞ்சு நிமிஷம் அண்ணன் பாதி ஆயுளைச் சிறையில் கழித்திருப்பார். அங்கேயும் வார்டரை எதிரில் உட்காரவைத்துப் படம் போட்டு, அந்த மனிதரின் அடுத்த ஷிப்டையும் கெடுத்திருப்பார்.

குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் நான்காவது மாடி அவருக்கு, ஏழாவது எனக்கு. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. பகலில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். சாயங்காலம் ஆனால் ஓவியர். புளோக்குக்குக் கீழே கல்மேசையில் உட்கார்ந்துகொண்டு, லிஃப்டிலிருந்து யார் வெளியே வந்தாலும் பிடித்துக்கொள்வார்.

"தம்பி, அஞ்சு நிமிஷம் லா. சும்மா உட்காருங்க, மூஞ்சிய மட்டும் போட்டுக்கறேன்."

அந்த ஐந்து நிமிடம் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்ததே இல்லை. பத்தாவது மாடிக்காரர் ஒருமுறை ஈரச் சந்தையிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வரும் வழியில் மாட்டிக்கொண்டார். அவர் எழுந்தபோது அந்த மீனைப் புளோக் பூனைகூடச் சீண்டவில்லை. அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு தற்காப்புக் கலை வைத்திருந்தோம். சிலர் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கினார்கள். நான் லிஃப்ட் கதவு திறக்கும்போதே போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் இல்லாத ஆளிடம் "ஓகே லா, வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லியபடி கம்பி நீட்டிவிடுவேன்.

அவரிடம் இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு வாரம் பேப்பரில் பென்சிலால் வரைவார், மறுவாரம் டேப்லெட்டில். திங்கட்கிழமை பிறந்தால் கட்சி மாறிவிடுவார். கேட்டால், "டேப்லெட் என்னைச் சோம்பேறியாக்குது, பேப்பர் என்னைப் பயந்தாங்கொள்ளியாக்குது. ஏதாச்சும் ஒண்ணுல நின்னா நான் கெட்டுடுவேன் தம்பி" என்பார். பாவம், கைக்குத்தான் எந்த வாரம் எது என்று விளங்கவில்லை. பேப்பரில் கோடு தப்பிவிட்டால் இரண்டு விரலால் பேப்பரைத் தட்டிவிட்டு, கோடு தானாக மறையும் என்று காத்திருப்பார். கண்ணைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமானால் பேப்பரை இரண்டு விரலால் கிள்ளி விரிப்பார். டேப்லெட் வாரத்தில் இதற்கு நேர்மாறு. கண்ணாடித் திரையில் இல்லாத ரப்பர் தூளை 'பூ' என்று ஊதுவார். நிழல் போடுகிறேன் என்று கட்டைவிரலால் திரையைத் தேய்த்து, வரைந்த முகத்துக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை இழுத்துவிடுவார்.

ஆனால் படம் மட்டும் அசலாக இருக்கும். அதிலும் இடது காது. அவர் வரைந்த இடது காதைப் பார்த்துக் காது டாக்டர் மருந்து எழுதிக் கொடுக்கலாம்.

தேக்காவில் பூக்கடை அக்காவைக்கூட அவர் விடவில்லை. ஒரு சனிக்கிழமை நான் அங்கே போனபோது, அக்கா கழுத்தை அசைக்காமல், உதட்டை மட்டும் அசைத்து வாடிக்கையாளர்களோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரல் உடைந்தது.

"தம்பி, உங்க புளோக்கு ஆள்தானே இவரு? கூட்டிட்டுப் போங்களேன். நாலு பேரு மாலைக்கு நிக்கிறாங்க. காது இன்னும் முடியலங்கறாரு."

"போட்டோ எடுத்துக்கிட்டு வீட்ல போய் வரையலாமில்லண்ணே?" என்று கேட்டேன்.

"போட்டோ பேசாதுல்ல தம்பி" என்றார். நான் சிரித்துவிட்டுப் பூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒருநாள் என் போன் தந்திரமும் பலிக்கவில்லை. பேசிக்கொண்டே நழுவும்போது காதிலேயே போன் மணி அடித்துத் தொலைத்தது. மாட்டிக்கொண்டேன். டேப்லெட் வாரம். ஒரு மணி பத்து நிமிடம் உட்கார்ந்தேன். என் வேலை, என் முதுகுவலி, என் மாமனாரின் சுபாவம் எல்லாம் கேட்டார். தன்னைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். டேப்லெட்டில் இடமே இல்லை என்று வருகிறதாம், கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்றார். போனேன். மூன்று அறை வீடு. சுவர் முழுக்க எங்கள் புளோக்கின் முகங்கள். அவரைத் தவிர அங்கே உயிரோடு இருந்தது ஒரு மணிபிளான்ட் மட்டும்தான்.

டேப்லெட்டை நோண்டிக்கொண்டிருக்கையில் அவராகவே சொன்னார். உடன்பிறந்த தம்பியின் குடும்பமும் இதே வீட்டில்தான் இருந்ததாம். தீவின் மறுகோடியில், பொங்கோலில் புது வீடு கிடைத்ததும் போய்விட்டார்கள். போகும்போது தம்பி மகள் இந்த டேப்லெட்டை வாங்கிக் கொடுத்தாள்.

"'இனிமே நாங்க வந்து உட்கார வேணாம் பெரியப்பா, போட்டோ அனுப்பறோம், பாத்து வரைஞ்சுக்குங்க'ன்னா. நல்ல பொண்ணு. அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கா. நானும் வரைஞ்சு அனுப்புவேன். கட்டைவிரல் தூக்கிக் காட்டுற பொம்மை இருக்குல்ல, அது வரும்."

அதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் வரைவதையெல்லாம் டேப்லெட் ஒன்றுவிடாமல் வீடியோவாகப் பிடித்து வைத்திருந்தது. இடம் நிரம்பியது அதனால்தான். என் படத்தின் வீடியோவைத் தட்டினேன். ஒரு மணி பத்து நிமிடத்தை இரண்டு நிமிடமாகச் சுருக்கி ஓட்டிக்காட்டியது. முதல் இருபது நொடியில் கண், மூக்கு, வாய், மாமனாரால் வந்த நெற்றிச் சுருக்கம் உட்பட என் முகம் முழுசாக வந்துவிட்டது. மிச்சமெல்லாம் என் இடது காதுதான். வரைகிறார், அழிக்கிறார், அதே காதை அதே இடத்தில் மறுபடி வரைகிறார்.

திரும்பிப் பார்த்தேன். கையும் களவுமாகப் பிடிபட்டவராக அண்ணன் பின்னால் நின்றிருந்தார்.

"பேப்பரா இருந்தா மாட்டியிருக்க மாட்டேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "முடிஞ்சிடுச்சுன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிடுவீங்கல்ல தம்பி."

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக அவரிடமிருந்து தப்பிப்பதை ஒரு திறமையாக நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். வீடியோக்களை அழித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை நானாகவே போய்க் கல்மேசையில் அவர் எதிரே உட்கார்ந்தேன். பேப்பர் வாரம். அவர் தலையைத் தூக்கவே கூச்சப்பட்டார். வழக்கமான கேள்விகள் எதுவும் இல்லை. பென்சில் மட்டும் சரசரவென்று ஓடியது. எட்டே நிமிடத்தில் தாளைக் கிழித்து நீட்டினார்.

"முடிஞ்சிடுச்சு தம்பி. நீங்க கிளம்பலாம், வேலை இருக்கும்."

வாங்கிப் பார்த்தேன். என் அம்மா பார்த்திருந்தால் அந்தப் படத்துக்குச் சோறு ஊட்டியிருப்பார். ஒவ்வொரு கோடும் நானேதான். அதைத் திருப்பி அவர் முன்னாலேயே வைத்தேன்.

"மூக்கு என்னோடது மாதிரி இல்லியேண்ணே. அழிச்சிட்டு நிதானமா வரைங்க."

அண்ணன் படத்தையும் என் மூக்கையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்தார். நான் வீட்டுக்குப் போன் போட்டேன், இந்தமுறை நிஜமாகவே. சாப்பிட வர நேரமாகும், வரும்போது என்னோடு இன்னொருவரும் வருவார் என்று மனைவியிடம் சொன்னேன்.