டயர் மேல் பால் காய்ச்சிய கதை

நான் ஒரு பெரிய அறிவாளி என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஊரெல்லாம் கல்லிலும் சிமெண்டிலும் அஸ்திவாரம் போட்டபோது, லாரி டயரில் போட்டவன் நான்.

மெர்டேக்கா (சுதந்திரம்தான்) வந்த புதிது. நாடே சொந்தக் காலில் நிற்க, நான் மட்டும் காஜா பெராங்கில் வாடகை அறையில் கிடந்தேன். எதிர்வீட்டுச் செல்லத்தைப் பெண் கேட்டால், அவள் அப்பா வீராசாமி, "சொந்த வீட்டுல பால் காச்சு, அப்புறம் நிச்சயம். வாடகை வீட்டுக்கு என் பொண்ணு வரமாட்டா," என்று முடித்துவிட்டார்.

அப்பா விட்டுப்போன துண்டு நிலம் இருந்தது. நான் வேலை பார்த்த பட்டறைக்குப் பின்னால் தேய்ந்த டயர்கள் குவிந்து கிடந்தன. "அள்ளிக்கிட்டுப் போடா, கொசுத் தொல்லையாவது விடும்," என்றார் முதலாளி. சுவருக்கும் தரைக்கும் அடியில் டயர்களை அடுக்கி, உள்ளே மண்ணை இடித்து நிரப்பி, மேலே மண்சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. என்ன மூளை!

ஒரு டயர் எவ்வளவு மண் குடிக்கும் என்பது இடித்தவனுக்குத்தான் தெரியும். கிழக்குப் பக்கம் முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. மேற்குப் பக்க டயர்களில் தேங்காய் மட்டையைத் திணித்து, மேலே மண்ணைத் தூவி மூடினேன். (யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?)

செல்லம் பார்த்துவிட்டாள். "மட்டை ஊறினா அமுங்காதா?"

"உனக்கென்ன தெரியும்? போ போ." ஆம்பிளை அல்லவா!

பால் காய்ச்சும் நாளுக்கு முன்பு மழை கொட்டித் தீர்த்தது. பால் கிழக்கே பொங்கி வழிந்தால் குடும்பம் விளங்கும் என்பது எங்கள் வழக்கம். நடுவீட்டில் அடுப்பு. வீராசாமி மாமா (அரை லாரி கனம்) மேற்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பால் பொங்கியது. எல்லோரும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார்கள். தரை மெல்ல மேற்கே இறங்கியது. பானை சாய்ந்து, பால் மாமாவை நோக்கி ஓடியது.

"என்னா லா இது, வீடு நகருது!" என்று எழப் பார்த்தார். சுவர் முந்திக்கொண்டது. சுவரோடு மாமாவும் வெளியே சேற்றில் மல்லாந்தார். சுற்றிலும் என் தேங்காய் மட்டைகள்.

"வீடாடா இது? மெத்தை!"

கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்லம்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கிழக்குப் பக்கம் அசையவே இல்லையேப்பா," என்றாள். மாமா போய்க் கிழக்குச் சுவரை உதைத்துப் பார்த்தார். கால்தான் வலித்தது.

"சரி, மேற்கையும் ஒழுங்கா மண்ணு போட்டு இடிக்கச் சொல்லு. ஆனா நீ பக்கத்துலயே நில்லு. இவன நம்பாத."

அன்று நின்றவள்தான், இன்னும் நகரவில்லை. போன மாதம் புக்கிட் பாருவில் மகனுடைய புது வீடு, அசல் கல்வீடு. பால் பொங்கும் நேரத்தில் என் மனைவி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தாள்:

"மேற்கால யாரும் உக்காராதீங்க. இவர் கட்டல, ஆனாலும் வந்திருக்காரு."