மதாலோவுக்கு ஒரு கஷ்டமுமில்லை என்று பதிவான விவரம்

நாகுலு கிராமம்,
ஆகஸ்ட் 16, சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஜெய்லோஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கை எஸ்னாத்தின் கணவன் ஃபனுவேல் கம்வெண்டோ இரு கைகளையும் குவித்துத் தட்டி வணங்கி எழுதிக்கொள்வது.

தாங்கள் நலமாயிருந்தால் இங்கே நாங்களும் நலம். இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று தங்கள் அக்கா எலுபி என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்கிறார்கள். அவர்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்கிற தைரியத்தில் அடுத்த வரியிலேயே உண்மையை எழுதிவிடுகிறேன்: நலமில்லை. ம்சூசுவில் குளிர் எப்படி இருக்கிறது, மரம் அறுக்கும் ஆலையில் தங்கள் விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றனவா என்று முதலில் விசாரிக்க வேண்டும், விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தங்கள் கைபேசிக்கு ஏழு முறை அழைத்தேன். ஏழு முறையும் ஒரு பெண் குரல் தாங்கள் எல்லைக்கு அப்பால் இருப்பதாகச் சொன்னது. எட்டாவது முறை அழைக்கப் போனபோது அக்கா தடுத்துவிட்டார்கள். பிள்ளையைப் பற்றித் தாய்மாமனிடம் பேசுவதைப் போய் யாராவது போனில் பேசுவார்களா, காகிதத்தில் எழுது என்றார்கள். எழுதுகிறேன்.

விஷயம் தங்கள் மருமகள், எங்கள் மகள் மதாலோவைப் பற்றியது. அவள் எப்படி இருக்கிறாள் என்று தங்களுக்குத் தெரியும். கால் நிற்காது, முதுகுக்கு எதையாவது அண்டக் கொடுத்தால்தான் உட்காருவாள், ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் தண்ணீர் கொதித்துவிடும். ஆனால் மூளை மட்டும் கத்தி. நான் சவாரிக்கு ஓட்டும் சைக்கிளையும் சேர்த்து இந்தச் சாலையில் போகிற அத்தனை சைக்கிளையும் சத்தத்தை வைத்தே யாருடையது என்று சொல்லிவிடுவாள். இப்படிப்பட்ட சிறு குழந்தைகள் நாட்டில் எத்தனை பேர் என்று அரசாங்கத்துக்கு இதுவரை தெரியாதாம். அதனால் இந்த வருடம் வீடு வீடாக ஆள் அனுப்பி எண்ணப்போகிறார்கள் என்று மார்ச் மாதம் ஊர்த்தலைவர் கூட்டம் போட்டுச் சொன்னார். எண்ணிக்கை தெரிந்தால் அதற்கேற்ப ஒரு குழந்தைகள் நிலையம் கட்டுவார்களாம், வாரம் இரண்டு நாள் கைகால் பயிற்சி கொடுக்க ஓர் அம்மாள் வருவாராம், தாங்கிப் பிடித்து உட்கார வைக்கிற நாற்காலி கொடுப்பார்களாம். மச்சான், நாற்காலி என்றதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எஸ்னாத்தின் முதுகு அவளைத் தூக்கித் தூக்கி இப்போதே வளைந்துவிட்டது. உட்காரக் கற்றுக்கொண்டால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

ஏப்ரலில் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தாள். நேரம் பார்த்து வந்தாள் பாருங்கள், எஸ்னாத் மாவு மில்லுக்குப் போயிருந்த நேரம். வீட்டில் நானும் அக்காவும், பாயில் மதாலோவும்தான். நான் வீட்டோடு மாப்பிள்ளை. வந்தவர்கள் முன்னால் பிள்ளையைப் பற்றி அக்காவுக்கு முந்தி வாயைத் திறப்பது மரியாதையாகாது என்று விறகுக் குவியல் மேல் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பெண் ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில் வாசித்தாள்: கஷ்டமில்லை, கொஞ்சம் கஷ்டம், ரொம்பக் கஷ்டம், முடியவே முடியாது. அக்காவுக்கு நாலையும் கேட்கப் பொறுமை இல்லை.

"அம்மா, இதே வயசுப் பிள்ளைங்களோட பாத்தா, இந்தக் குழந்தைக்கு நடக்கறதுல கஷ்டம் இருக்கா?"

"கஷ்டமா? உனக்குக் கஷ்டமில்லன்னா எங்களுக்கும் இல்ல தாயி. மொதல்ல இந்தக் கூழைக் குடி, வெயில்ல வந்திருக்கே."

"இல்லம்மா, நடக்கறதுல..."

"நடந்தாத்தானே கஷ்டம்? இவதான் நடக்கறதே இல்லியே."

அந்தப் பெண் டேப்லெட்டில் ஒரு தட்டு தட்டினாள். நான் இருமினேன்.

"சின்னச் சின்ன சாமான விரலால எடுக்கறதுல?"

"நாங்க எதுக்கு இருக்கோம்? எடுத்துக் குடுப்போம்."

இன்னொரு தட்டு. நான் பலமாக இருமினேன்.

"பேசறது மத்தவங்களுக்குப் புரியுதா?"

"எங்களுக்கு நல்லாப் புரியும். புரியாதவங்ககிட்ட அவ பேச மாட்டா."

நான் நெஞ்சே வெடித்துவிடும் போல இருமினேன். அக்கா திரும்பிப் பார்த்தார்கள். "எங்க வீட்டு மாப்பிளைக்குத்தான் இருமல். வேணும்னா அத எழுதிக்கோ தாயி" என்றார்கள்.

அவள் கிளம்பிப் போனதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு துரத்திப் போய் புளியமரத்தடியில் பிடித்தேன். என் மகளால் நடக்க முடியாது, உட்கார முடியாது, அதை எழுதுங்கள் என்று கெஞ்சினேன். அவள் நல்ல பெண்தான், பாவம், காலையிலிருந்து பதினெட்டு வீடு ஏறி இறங்கியிருக்கிறாள். "அண்ணே, அது போயிடுச்சே" என்றாள். எங்கே போச்சு என்றேன். "மேல" என்று விரலை நீட்டினாள். எனக்கிருந்த பதற்றத்தில் நானும் வானத்தைப் பார்த்தேன். அப்புறம் அவள் டேப்லெட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நீங்க யாரு?" என்று கேட்டாள். பிள்ளையின் அப்பா என்றேன். "அந்த வீட்ல அப்பான்னு யாரும் பதிவாகலியே. குடும்பத் தலைவி எலுபி. நீங்க... விருந்தினர்னு இருக்கு." மச்சான், தாங்களே நியாயம் சொல்லுங்கள். எட்டு வருடத்தில் அந்த வீட்டுக்கு இரண்டு முறை கூரை மாற்றியிருக்கிறேன், பின்பக்கம் கக்கூசுக்குக் குழி வெட்டியிருக்கிறேன். எந்த ஊரில் விருந்தினர் கக்கூசுக்குக் குழி வெட்டுகிறார்?

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சத்தம் போட்டேன். போட்டிருக்கக் கூடாது, தெரியும். "வாசப்படி ஏறி வந்த பொண்ணு, உக்காந்த ஒடனே நம்ம புள்ளையப் பத்திக் கொற சொல்லச் சொல்றியா மாப்பிள?" என்றார்கள். மரியாதையெல்லாம் பார்த்தால் நாற்காலி வராது அக்கா என்றேன். அவர்கள் மதாலோ இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, "முடியாதுன்னு என் வாயால வரல மாப்பிள. அவ கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தாளே" என்றார்கள்.

இது ஒரு பக்கம் இருக்க, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லிகோங்கா ஊர்க்காரர்களின் கதையைக் கேளுங்கள். எண்ணினால் ஏதோ கொடுக்கப்போகிறார்கள் என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். டேப்லெட் பெண் போனபோது அந்த ஊரில் ஒரு குழந்தை நேராக நடக்கவில்லையாம். காலையில் வலது கால் நொண்டிய ஒரு பயல் சாயங்காலம் இடது கால் நொண்டினானாம், அவன் அம்மா வைத்த அடி இந்தக் கரை வரை கேட்டது. மொத்தம் நாற்பத்தொரு பேர் என்று கணக்காகி, நிலையம் அங்கேதான் கட்டப்பட்டிருக்கிறது. போய்ப் பார்த்தேன். அழகான கட்டடம், சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவுப் பாதைகூடப் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் நெத்திலி மீன் காயப்போட்டிருந்தார்கள். நாற்பத்தொரு பேரும் பக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பேச்சுக் கொடுத்தேன். "வெளியூர்ப் பிள்ளையைச் சேத்துக்கணும்னா லிஸ்ட்ல பேர் இருக்கணும்ங்க, அது மட்டும் இருந்தா நானே ஆத்தைத் தாண்டி வந்துடுவேன்" என்றார். ஆக ஒரே ஒரு பெயர்தான் பாக்கி.

அதனால் மதாலோவை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் மிதித்து மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே சிபெத்தா என்று ஒரு குமாஸ்தா. ஊர்ப் பெயரைச் சொன்னதும் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாகுலுவா? வாழ்த்துக்கள்! உங்க ஊர்ல ஒரு பிள்ளைக்குக்கூட எந்தக் குறையும் இல்ல. பாராட்டிக் கடிதம்கூட அனுப்பியிருக்கோமே!" ஆமாம், அது வந்தது. ஊர்த்தலைவர் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். நாலாவது வீட்டுக் காது கேட்காத பையனையும், மில்லுக்காரர் வீட்டுக் கண் தெரியாத பாப்பாவையும் எண்ண வந்த அன்று அத்தை வீட்டுக்கு அனுப்பி வைத்துவிட்டார்கள் என்பது தலைவருக்கும் தெரியும். திருத்தச் சொல்லித் தலைவரிடம் முன்பே கேட்டதற்கு, "ஒரு புள்ளைக்காக ஊர்ப் பேரக் கெடுக்கப் பாக்கறியே, நீ வந்த ஆளுதானே" என்றார்.

"சார், இதோ இருக்காளே, பாருங்க" என்று முதுகிலிருந்து மதாலோவை இறக்கிக் காட்டினேன். சிபெத்தா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். மேசையிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். "நல்ல சூட்டிகையான பொண்ணு. ஆனா என்கிட்ட இருக்கற கஷ்டமுள்ள பிள்ளைங்க லிஸ்ட்ல இல்லியே. கணக்குல இல்லாத புள்ளைக்கு நான் எப்படிங்க நாற்காலி எழுதறது?" என்றார். அப்போது மதாலோ வாயைத் திறந்தாள். முகமெல்லாம் இறுக, கழுத்து ஆட, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள்.

"என்ன சொல்றா?"

"'இருக்கேன்'னு சொல்றா சார்."

அவர் எங்கள் வீட்டுப் பதிவைப் புரட்டினார். "பன்னெண்டாவது கேள்விக்குப் பேச்சு எல்லாருக்கும் புரியுதுன்னு போட்டிருக்கே" என்றார்.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். திருத்தப் படிவம் என்று ஒன்று எடுத்துக் கொடுத்து, சரிபார்க்கும் குழு ஒன்று வருகிறது, அவர்கள் முன்னால் குழந்தையின் காப்பாளர் நேரில் நின்று சொன்னால் மாற்றலாம் என்றார். நான் நிற்கிறேன் என்றேன். "நீங்க அப்பா, சரி. காப்பாளர் யாரு? நம்ம பக்கத்துல தாய்மாமன்தானே? அவருக்குத் தெரியாம நான் எழுதி, நாளைக்கு வந்து என் சட்டையைப் பிடிச்சா?" என்றார். அவருடைய தங்கை பிள்ளை விஷயத்தில் அவரே போய் ஒருவர் சட்டையைப் பிடித்திருக்கிறார் போலிருக்கிறது, அந்த அனுபவம் முகத்தில் தெரிந்தது. திரும்பி வரும் வழியில் பின்சக்கரம் பஞ்சராகி, பதினாறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். மதாலோ என் முதுகில் பிஸ்கட்டைத் தின்னாமல் பிடித்துக்கொண்டே வந்தாள், அம்மாவுக்காம்.

குழு வரும் வியாழக்கிழமை வருகிறது. ஆகவே மச்சான், தாங்கள் எப்படியாவது லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டு வர வேண்டும். தாங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். அவர்கள் முன்னால் நின்று, இந்தப் பிள்ளையால் நடக்க முடியாது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் அதை நூறு தடவை சொல்லிவிட்டேன், விருந்தினன் சொன்னது ஏறவில்லை. எலுபி அக்காவுக்குத் தினமும் சாயங்காலம் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறேன். நான் அதிகாரியாக நடித்து "கஷ்டம் இருக்கா?" என்று கேட்கிறேன். அக்கா "இருக்கு" என்கிறார்கள், உடனே, "ஆனா நீங்க அதப் பத்திக் கவலப்படாதீங்க, சாப்பிட்டீங்களா?" என்கிறார்கள். எனக்கு இனிமேல் ஒரு வழியும் தெரியவில்லை. நான் ஓய்ந்துவிட்டேன்.

தாங்களும் தங்கள் குடும்பமும் தங்கள் பத்து விரல்களும் கடவுள் கிருபையால் நீடூழி வாழ வேண்டும். எஸ்னாத் தன் அன்பையும், எலுபி அக்கா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார்கள். இங்கே எல்லோரும் நலம் என்று கடைசியில் மறுபடி எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஃபனுவேல் கம்வெண்டோ

பின்குறிப்பு: தாங்கள் வர வேண்டாம். ம்சூசு போகும் லாரிக்காரர் இன்று திங்கட்கிழமைதான் கிளம்புகிறார். அவரிடம் கொடுக்க உறையை ஒட்டப் போகிற நேரத்தில் குழுவே வந்து வாசலில் நின்றுவிட்டது, மூன்று நாள் முன்னதாக. குழுவுக்குத் தலைவி வயதான ஓர் அம்மாள். மாமன் எங்கே, மச்சான் எங்கே என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மதாலோ பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மச்சான், அக்கா சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டே, ஒவ்வொன்றுக்கும், "முடியாதும்மா, அவளால முடியாது" என்று சொன்னார்கள். எல்லாம் பதிவாயிற்று. நான் சந்தோஷத்தில் கோழி பிடிக்கக்கூடக் கிளம்பிவிட்டேன். கடைசியில் அந்த அம்மாள் பிறந்த தேதி கேட்டார். மருத்துவப் புத்தகத்தைக் கொடுத்தேன். விரல் விட்டு எண்ணினார், மறுபடி எண்ணினார். இந்தக் கணக்கு ஐந்து வயது முடியாத பிள்ளைகளுக்கு மட்டுமாம். மதாலோவுக்கு ஐந்து முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. ஏப்ரலில் எழுதியிருந்தால் பெயர் நின்றிருக்குமாம். இனிமேல் பள்ளிக்கூடக் கணக்கில்தான் வரும், அதற்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அந்த அம்மாள் தலை நிமிராமல் கூழைக் குடித்துவிட்டுப் போனார்.

மதாலோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அவர்கள் போன பிறகு, "அப்பா, அஞ்சு முடிஞ்சா கஷ்டம் முடிஞ்சிடுமா?" என்று ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு, தன்னை நிற்க வைக்கச் சொன்னாள். எஸ்னாத் வீட்டுக்குள் போய்விட்டாள். இதை எழுதும்போது எலுபி அக்கா இரண்டு அக்குளிலும் கை கொடுத்து அவளை முற்றத்தில் நிறுத்திப் பிடித்திருக்கிறார்கள். "விடு பெரியம்மா, விடு" என்கிறாள். அக்கா விடவில்லை, என்னைப் பார்க்கிறார்கள். வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாருங்கள் மச்சான்.