கொத்தனாரின் பாக்கி

கொத்தனாருக்கும் வெல்டருக்கும் நடுவில் ஆயிரத்து எழுநூற்று நாற்பது பாக்கி நின்றது. இன்றைக்கு அதைத் தீர்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினார் கொத்தனார். அந்த அவசரத்தில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டவர் சாப்பாட்டை மறந்துவிட்டார்.

பாதி வழியில் கை நடுங்கியது. வியர்த்துக் கொட்டிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சர்க்கரை ஏறிவிட்டதாக்கும் என்று நினைத்து, பையில் கிடந்த இன்னொரு மாத்திரையையும் விழுங்கினார். நடந்தால் இறங்கும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு வேகவேகமாக நடந்தார். நடக்க நடக்கக் கோபம்தான் ஏறியது. யார் மேல் என்று தெரியவில்லை. பாக்கி, பாக்கி என்று மண்டைக்குள் சுத்தியல் அடித்தது. வெல்டரின் பட்டறையைக் கண்டதும் யார் மேல் என்பதும் தெரிந்துவிட்டது.

"எடுடா காசை," என்றார் வாசலிலேயே. நாக்கு குழறியது.

வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "வாங்கண்ணே. என்ன காசு?"

"என்ன காசா? ஆயிரத்து எழுநூத்து நாப்பது. முழுங்கிட்டு முழிக்கிறதைப் பாரு."

"அண்ணே, அது வந்து..."

"வந்தும் வேணாம், போயும் வேணாம். எண்ணி வை. இல்லேன்னா இந்தக் கேட்டைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

பாதி ஒட்டியிருந்த இரும்புக் கேட்டைப் பிடித்து இழுத்தார். கேட் அசையவில்லை; அவர்தான் அசைந்தார். வெல்டர் ஓடிவந்து தோளைப் பிடிக்க, "அடிக்கவா வர்றே?" என்று ஒரு குத்து விட்டார். குத்து காற்றில் போய், அவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது. குப்புற விழுந்து, புரண்டு, உட்கார்ந்தார்.

"காலங்காத்தால ஊத்திட்டு வந்திருக்காரு," என்றார் வெல்டர்.

பட்டறை ஓரம் தையல் மிஷினில் இருந்த வெல்டரின் மனைவி வந்து குனிந்து பார்த்தாள். "வாடையே இல்லையே. எங்கண்ணனுக்கும் இப்படித்தான் வரும். சாப்பிட்டீங்களாண்ணே?"

"மாத்திரை சாப்பிட்டேன். ரெண்டு."

"போச்சு. சுகர் இறங்கிப்போச்சுங்க இவருக்கு." உள்ளே ஓடி, ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தாள்.

கொத்தனார் வாயை இறுக்கிக்கொண்டார். பிறகு காரணம் சொல்வதற்காகத் திறந்தார். "சுகர்காரனுக்குச் சக்கரைத் தண்ணியா? காசு கேட்டா ஆளையே முடிச்சிடுவீங்களா, புருஷனும் பொண்டாட்டியும்?"

"மயங்கிட்டா வாயில ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. நினைவு இருக்கும்போதே குடிங்க. குடிச்சாத்தான் காசு."

காசு என்றதும் குடித்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை.

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. இரண்டு துண்டு ரொட்டியும் உள்ளே போயிற்று. கேட் கேட்டாகத் தெரிந்தது, வெல்டர் வெல்டராகத் தெரிந்தார். திடீரென்று கொத்தனார் சட்டைப் பையைத் தடவினார். காலி. முகம் வெளிறியது.

"கிளம்புங்கண்ணே," என்று வெல்டர் பைக்கை எடுத்தார். "ரெண்டு மாத்திரை போட்டிருக்கீங்க, மறுபடி இறங்கினாலும் இறங்கும். டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

"என் பையில இருந்த காசு..."

"நீங்க விழுந்தப்பவே கொட்டிடுச்சு," என்றாள் வெல்டரின் மனைவி, கையிலிருந்த நோட்டுகளை அடுக்கியபடி. "ஆயிரத்து எழுநூத்து நாப்பது, சரியா இருக்கு. வாங்கின கடனை இப்படி மிரட்டித் திருப்பிக் கொடுக்கிற ஆளை இன்னைக்குத்தாண்ணே பாக்கிறேன்."