மேட்டு மரமும் ஓடை மரமும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அப்பாவின் நலத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கும் வருவதாக இல்லை. காரணம் ஒரு மரம்.

உங்கள் கல்யாணமான வாரத்தில் நானும் உங்கள் அப்பாவும் இலையுதிர் காட்டில் ஆளுக்கொரு கன்று வைத்தோம் அல்லவா? இரண்டும் ஒரே நாற்றங்காலில் வாங்கியவை. என்னால் மேடு ஏற முடியாததால் சாலையிலேயே நின்றுகொண்டு, "பெண் வீட்டு மரம் மேலே இருக்கட்டும்" என்று என் கன்றையும் அவரிடமே கொடுத்தனுப்பினேன். ஆறு வருஷத்தில், சாலையை ஒட்டிய ஓடையோரத்தில் இருக்கும் அவர் மரம் மாடி உயரம் வளர்ந்துவிட்டது. என் மேட்டு மரம் புதருக்கு அண்ணன் மாதிரி நிற்கிறது. வெயில் தொடங்கியதும் முதல் ஆளாக இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாகிவிடுகிறது. ஓடை மரமோ இன்னும் இரண்டு மாதம் பச்சையாக நின்று என்னை வெறுப்பேற்றுகிறது. போன ஞாயிறு உங்கள் அப்பா போனில், "என்ன சம்பந்தி, மேட்டு மரம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். நக்கல்தானே அது? எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அவர் திருட்டுத்தனமாக உரம் போடுகிறாரா என்று புது வனக்காவலரிடம் கேட்டேன். அவர் சிரிக்கிறார். "ஐயா, மேட்டுல மண்ணு ஒரு சாண்தான், கீழ பாறை. மத்தியான வெயிலும் காத்தும் நேரா அந்தச் சரிவுலதான் அடிக்குது. மரம் இலையக் கொட்டித்தான் உசிரக் காப்பாத்திக்குது. ஓடைப் பக்கம் ஈரமும் நிழலும் இருக்கு. போதாததுக்கு மேட்டு மண்ணு மழையில கரைஞ்சு அங்கதான் போய்ச் சேருது."

கேட்டீர்களா மாப்பிள்ளை! என் மண்ணைத் தின்று அவர் மரம் கொழுக்கிறது! பெண்ணையும் கொடுத்து மண்ணையும் கொடுக்க வேண்டுமா? உங்கள் மாமியார், "ரெண்டும் மரந்தானே, விடுங்க" என்கிறாள். விடுவேனா? முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு மூன்று நாள் மேடேறி, ஒரு பிடி மண் கீழே போகாதபடி மரத்தைச் சுற்றிக் கல் அடுக்கி வரப்பு கட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்தபடியேதான் எழுதுகிறேன். உங்கள் அப்பா மன்னிப்புக் கேட்கும்வரை அவரோடு ஒரே மேசையில் உட்கார மாட்டேன்.

மகளுக்கு ஆசிகள், பேத்திக்கு முத்தங்கள், உங்களுக்கு என் மரியாதை. உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், கன்று நட்ட அன்று உடனிருந்த பழைய வனக்காவலர் வந்தார். "சம்பந்தி மரத்துக்கு இப்படிப் பாடுபட்டிருக்கீங்களே ஐயா, என்ன பாசம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மேட்டு மரம் உங்கள் அப்பாவுடையதாம். ஓடை மரம்தான் என்னுடையதாம். அன்றைக்கே உங்கள் அப்பா அவரிடம், "சம்பந்திக்கு முட்டி வலி. அவர் மரம் ரோட்டுக்குப் பக்கத்துல, நல்ல மண்ணுல இருக்கட்டும். மேட்டுல என்னுத வைக்கிறேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாராம். ஆறு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுஷன். எனக்கு அழுகை வந்துவிட்டது. புதிதாக எழுத இடுப்பு இடம் கொடுக்கவில்லை. ஆகவே மேலே உள்ளதைப் படிக்காமல் இதை மட்டும் படிக்கவும். பிறந்தநாளுக்கு வருகிறேன். என் நாற்காலியை உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் போடுங்கள்.