பதினோரு பேர் தூங்கிய வரைபடம்

அளவெடுக்க வருகிறவனை எந்த வீட்டிலும் நம்பக்கூடாது. இதை நான் சொல்லக்கூடாதுதான். அளவெடுத்துத்தான் பிழைக்கிறேன்.

கட்டடக்கலையில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த காலம். ஆய்வு முறைகள் என்று ஒரு பாடம். அந்தப் பாடம் ஆரம்பித்த மூன்றாவது வாரமே என்னை நான் விஞ்ஞானி என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் டேப், கையில் கிளிப் வைத்த அட்டை. (ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா என்னைக் கொசு மருந்து அடிக்க வந்தவன் என்று நினைத்து, தன் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று ஒரகடம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.)

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூரில். அப்பா கோயில் அலுவலகத்தில் எழுத்தர். சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்து, அவற்றைச் சுற்றி வாடகை அறைகள் முளைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் ஆய்வுக்கு அதையே எடுத்தேன்: தெற்கேயிருந்து வேலைக்கு வரும் பையன்கள் ஒரு அறையை எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள்?

வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு வரிசை வீடு கிடைத்தது. சிமெண்ட் ஷீட் கூரை. ஓனர் பெயர் தனசேகர். வேறு ஊரில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வாடகைக்கு வருவார். விஷயத்தைச் சொன்னதும் அவர் என் அனுமதிப் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை. மேலே ஒரு மாடி எடுக்கிற யோசனை இருந்ததால், பிளான் போட்டதும் அவருக்கு ஒரு காப்பி தர வேண்டும். இலவசமாக இன்ஜினியர் கிடைத்த சந்தோஷம் அவருக்கு, இலவசமாக அறை கிடைத்த சந்தோஷம் எனக்கு. அந்த அறைக்குள் இருந்தவர்களைத்தான் இரண்டு பேரும் கணக்கில் எடுக்கவில்லை.

உள்ளே எனக்குக் கதவைத் திறந்தவன் இசக்கி. அம்பாசமுத்திரம் பக்கம். இருபத்தொரு வயது. ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளி. இன்னும் இரண்டு மாதம் ஒழுங்காக ஓட்டிவிட்டால் வருடம் முடிந்து சான்றிதழ் வரும், பிறகு எங்கே போனாலும் வேலை என்று முதல் நாளே சொன்னான். அந்த இரண்டு மாதத்தைத்தான் கவனமாகப் பிடித்துக்கொண்டிருந்தான், நிரம்பிய குடத்தைப் பிடிப்பது போல.

அறையில் நான்கு பாய்கள். ஆட்கள் பதினோரு பேர். மூன்று ஷிப்ட். ஒரு ஷிப்ட் வேலைக்குப் போனால் இன்னொரு ஷிப்ட் அதே பாயில், அதே சூட்டில் வந்து படுக்கும். ஒருவன் குளிப்பான், ஒருவன் சோறு வடிப்பான். ஞாயிறு மட்டும் சிக்கல், எல்லோருக்கும் லீவு. அன்று பாதிப் பேர் முருகன் கோயிலுக்குப் போய்விடுவார்கள். பக்தி பாதி, மண்டபத்தில் கால் நீட்ட இடம் கிடைக்கும் என்பது மீதி.

"ஓனருக்கு இது தெரியாது பாத்துக்கிடுங்க" என்றான் இசக்கி. "ஆறு பேருன்னு சொல்லித்தான் எடுத்தோம். அவுக வாடகைக்கு வர்ற அன்னைக்கு அஞ்சு பேர் டீக்கடையில போய் உக்காந்துருவோம்."

"கவலைப்படாத. ஒருத்தர் பேரும் வராது" என்றேன். டாக்டர் மாதிரி அவன் தோளில் தட்டியதாகவும் ஞாபகம். ஆங்கிலத்தில் இருந்த படிவத்தை நீட்டினேன். பதினோரு பேரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். வேலைக்குச் சேரும்போது போட்டுப் பழகிய கை.

மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன். யார் எப்போது எந்தப் பாயில், தலை எந்தப் பக்கம், ஃபேன் காற்று யார் மேல், எல்லாம் குறித்தேன். பிறகு வரைந்தேன். ஐயோ, அந்தப் படம். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், நான் வரைந்ததிலேயே அழகான படம் அதுதான். காலை ஷிப்ட் நீலம், மதியம் மஞ்சள், இரவு சிவப்பு. பாய்க்குப் பாய் குட்டிக் குட்டி மனித உருவங்கள். பெயருக்குப் பதிலாக ஏ, பி, சி என்று 'கே' வரைக்கும். "ஆய்வால் யாருக்கும் தீங்கு வரக்கூடாது" என்று அந்தப் பாடம் எடுத்த மேடம் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். நோட்டில் அதை இரண்டு முறை அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். பெயரை எடுத்துவிட்டேனே, வேறென்ன தீங்கு?

தனசேகருக்குக் காப்பி தருகிற நாள் வந்தது. வெறும் சுவரும் கதவும் போட்ட சாதா பிளான் ஒன்றும் பையில் இருந்தது. அதைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதில் என் திறமை தெரியாதே. வண்ணப் படத்தை லேமினேட் பண்ணி எடுத்துக்கொண்டு போய், இரண்டு கையாலும் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இன்னா சார், கலர் கலரா கீது?"

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். என்னிடம் என் படத்தைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்பது அதுதான் முதல் தடவை. நீலம் என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன என்று வாய்மொழித் தேர்வு போல விளக்கினேன்.

"அப்போ இந்தப் பாய்ல ரெண்டு பேரா?"

"இல்லைங்க, மூணு பேர்" என்று திருத்தினேன். (ஆய்வில் துல்லியம் முக்கியம்.)

அவர் விரலை வைத்து எண்ணினார். ஒருமுறை எண்ணி, சந்தேகத்துக்கு மறுபடியும் எண்ணினார்.

"செப்டிக் டேங்க் மாசாமாசம் ரொம்பிக்கினே கீதே, இன்னாடா இதுன்னு மண்டைய ஒடச்சிக்கினு இருந்தேன். நல்லா போட்டுக்கீற சார்."

என் ஆய்வால் தீர்ந்த ஒரே பிரச்சினை அதுதான்.

மறுநாள் காலை இசக்கி போன் பண்ணினான். திட்டவில்லை. "கொஞ்சம் வாறீயளா சார்" என்றான், அவ்வளவுதான். போனேன். சுவரோரம் பைகளும் வாளிகளும் அந்த நான்கு பாய்களும். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் படுக்க இடமில்லாமல் யூனிபார்மோடு வெயிலில் நின்றார்கள். தனசேகர் கையில் என் படம். "எவன்டா இந்த எஃப்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. எஃப் இசக்கிதான். அந்த மரியாதை எனக்கு மட்டும்தான் தெரியாமல் போயிருந்தது.

நான் குறுக்கே விழுந்து, இது ஆராய்ச்சி, இதை இப்படிப் பயன்படுத்தக்கூடாது என்று வாதாடினேன். அவர் படத்தில் என் கையெழுத்து இருந்த இடத்தைக் காட்டினார். கீழே பெரிதாகப் போட்டிருந்தேன்.

இரண்டு நாள் அவர்களோடு அறை தேடினேன். மண்ணூர் வரைக்கும் அலைந்தோம். எங்கே போனாலும் முதல் கேள்வி, "எத்தினி பேரு?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் தரையைப் பார்த்தேன். மூன்று பேர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் சொந்தக்காரர் அறைக்குப் போனார்கள். நான்கு பேர் ஒரு ஹாஸ்டலில் ஒண்டினார்கள். மிச்சம் நான்கு பேரை என் வீட்டுக்குக் கூட்டிப்போய், அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, மாடி அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

"இருக்கட்டும். இதையும் வரைஞ்சு யார்கிட்டயாவது கொடுத்துடாத."

ஆனால் இசக்கி அதற்குள் இரண்டு நாள் தூங்காமல் வேலைக்குப் போயிருந்தான். மூன்றாம் நாள் லைனில் நின்றபடியே கண் அசந்துவிட்டது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். பயிற்சித் தொழிலாளிக்கு விசாரணை எல்லாம் கிடையாது, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டார்கள். சான்றிதழும் போயிற்று. அன்று சாயந்திரமே அவனைப் பேருந்து ஏற்றிவிட்டேன். என்ன பேசுவதென்று தெரியாமல், என் படத்தில் அவன் உருவம் நன்றாக வந்திருந்தது என்று சொன்னேன். இப்படி ஒரு வாக்கியத்தை மனிதன் சொல்வானா? நான் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

ஆய்வேட்டில், ஆய்வின் குறைகளைச் சொல்லும் 'வரம்புகள்' என்ற அத்தியாயத்தில் நடந்ததை எழுதினேன். மேடம் படித்துவிட்டு, "இது வரம்பு இல்லப்பா, இதுதான் உன் ஆய்வு முடிவு" என்றார். தேர்வாளர் படத்தைப் பாராட்டி நல்ல மதிப்பெண் போட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஃபெயிலாக்கியிருந்தால் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

இப்போதும் எங்கள் வீட்டில் விசேஷத்துக்கு உறவினர்கள் வந்து தங்கினால், எத்தனை பேர் என்று யாராவது கேட்டதும் அம்மா என்னைக் கைகாட்டுவாள்: "அவன் முன்னாடி எண்ணாதீங்க, கலர் போட்டு ஓனர்கிட்ட கொடுத்துடுவான்." எல்லோரும் சிரிப்பார்கள். எங்களுக்கு ஓனரே கிடையாது, சொந்த வீடு. நானும் சிரிப்பேன்.

போன மாதம் இசக்கி கூப்பிட்டான். அவ்வப்போது பேசுவான். ஊரிலேயே பைக் ரிப்பேர் கடை வைத்து, இப்போது சின்னதாக வீடு கட்டப்போகிறானாம். பிளான் நான்தான் போட வேண்டுமாம். பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, தொழில் முறைப்படி முதல் கேள்வியைக் கேட்டேன்.

"வீட்ல மொத்தம் எத்தனை பேர் இருப்பீங்க?"

அந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டிருந்த ஒரு பைக்கை அணைத்தான்.

"அத மட்டும் உங்கட்ட சொல்ல மாட்டேன் சார்" என்றான்.

சிரித்தானா என்று தெரியவில்லை. நான் மறுபடியும் கேட்கவில்லை. எத்தனை பேர் வந்தாலும் படுக்கிற மாதிரி, ஹாலைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுக்கொண்டிருக்கிறேன்.